மேல்கூரையில் படம் போட்ட மேஸ்திரி

போன வருஷம் எங்கள் சர்ச்சில் பெண்களுக்கு ஒரு நாள் தியானம் வைத்திருந்தார்கள். நடத்த வந்த கன்னியாஸ்திரி கெட்டிக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். பழைய காலத்தில் வாழ்ந்த யாராவது ஒருவரிடம் போய் நீங்கள் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்றால் யாரிடம் போவீர்கள், அவர் பெயரை எழுதுங்கள் என்றார். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் புனிதர்களின் பெயரைத்தான் எழுதினார்கள். எந்த வம்பிலும் மாட்டாத பதில் அது. என் சீட்டை வாங்கும்போதே அவர் சிரித்துக்கொண்டு, நீங்கள் பெயின்ட் வேலை செய்கிறவர், ரோமில் பாப்பரசர் கோயில் கூரையில் படம் வரைந்தவரைத்தானே எழுதியிருப்பீர்கள் என்றார். பிரித்துச் சத்தமாக வாசித்தார். "பெயர் தெரியாது. அதியமான்கோட்டை பெருமாள் கோயில் மேல்கூரையில் படம் போட்ட மேஸ்திரி" என்று எழுதியிருந்தேன்.

பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். கன்னியாஸ்திரி மட்டும் சிரிக்காமல், ஏன் என்று கேட்டார். அரை நிமிஷத்தில் சொல்கிற விஷயமா அது? கழுத்துவலிக்கு அவர் என்ன தைலம் போட்டார் என்று கேட்க வேண்டும் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அதுவும் பொய்யில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஏரியூருக்குப் பக்கத்து ஊர். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஊரில்தான். இரண்டும் மரவள்ளியும் கேழ்வரகும் போடுகிற குடும்பங்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நிலத்தை அண்ணன்களிடம் விட்டுவிட்டுப் பெயின்ட் வேலைக்குப் போய், நாலு ஆட்களை வைத்து வேலை எடுக்கிற மேஸ்திரி ஆனார். கல்யாணமான மறுமாதமே நானும் அவர் கூடப் போய்ச் சுவருக்கு உப்புத்தாள் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோய், ரேஷன் கடை மிஷின் இன்றைக்கும் என் விரலை ஒத்துக்கொள்வதில்லை.

தேய்ப்பதிலிருந்து என்னை மேலே கொண்டுவந்தது சொரூபங்கள். எங்கள் பக்கம் கிறிஸ்தவர் வீடுகளில் மாதா சொரூபமோ வேறொரு புனிதரின் சொரூபமோ கட்டாயம் இருக்கும். தொட்டுக் கும்பிட்டும் முத்தம் கொடுத்தும் மெழுகுவர்த்திப் புகை பட்டும் அதன் முகம் மங்கிவிடும். ஒரு வீட்டில் வேலை செய்தபோது அப்படி மங்கின மாதாவுக்கு நான் கண் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு அழுதார். அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுச் சொரூபத்துக்குக் கண் எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஜீரோ நம்பர் பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைமயிரை ஒவ்வொன்றாக எழுதுவேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. பின்னால் என் காலை வாரியதும் அதே பெருமைதான்.

எங்கள் சர்ச்சைப் புதுப்பித்தபோது, பீடத்துக்கு மேலே உள்ள கூரையில் வானமும் மேகமும், நாலு மூலையிலும் நாலு சம்மனசுகளும் வரைய வேண்டும் என்று பங்குச்சாமி, அதாவது எங்கள் பாதிரியார், ஆசைப்பட்டார். வானதூதர்களை நாங்கள் சம்மனசு என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருந்தது. அண்ணாந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் செய்கிறேன் என்று முந்திக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில், மேஸ்திரி சம்சாரம் என்றில்லாமல் என் கையை நம்பி வந்த முதல் பெரிய வேலை அது.

அதற்கு நான் ஆசைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. என் அக்கா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவள். பென்னாகரத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்தாள். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மார்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. அவள் போன பிறகு பார்த்தால் வீட்டில் உருப்படியாக ஒரு போட்டோ இல்லை. ஆதார் கார்டில் இருப்பது அவள் என்று ஆணையிட்டுச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணப் போட்டோவில் மாலைக்கு மேலே பாதி முகம் தெரிகிறது. எனக்கு மட்டும் அவள் முகம் மறக்கவில்லை. மூக்கோரத்து மச்சம், கொஞ்சம் தூக்கலான முன்பல், காதோரத்து நரை எல்லாம் கண்ணை மூடினால் தெரியும். நாலு சம்மனசில் ஒன்றுக்கு அக்கா முகத்தை வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கேட்டிருந்தால் பங்குச்சாமி வேண்டாம் என்றிருப்பார். செத்துப்போன ஒரு ஊர்க்காரியைப் பீடத்துக்கு மேலே ஏற்றினால் மற்ற வீடுகளிலிருந்தும் வரிசையாக வருவார்கள், அது அவருக்குத் தலைவலி. அதனால் வாயைத் திறக்கவில்லை. யாராவது ஒருவர் தானாகவே அண்ணாந்து பார்த்து, இது அவள்தானே என்று கேட்க வேண்டும். முக்கியமாக மாமா கேட்க வேண்டும். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். அக்கா போன பிறகு அவர் பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் கதவோரம் உட்காருவார். பேச்சும் குறைந்துவிட்டது. அவர் கண்ணுக்கு நேராகத் தெரியட்டும் என்று, ஆண்கள் உட்காரும் வலது பக்கத்து மூலையை அக்காவுக்கு ஒதுக்கினேன்.

பதினெட்டு நாள் சாரத்தின் மேல் இருந்தேன். மல்லாந்து படுத்தும், பாதி உட்கார்ந்தும், கூரைக்கு ஒரு முழம் கீழே முகத்தை வைத்துக்கொண்டு வேலை. பெயின்ட் கண்ணில் சொட்டும், தலைமயிரில் சொட்டும். அக்கா முகத்துக்கு மட்டும் ஐந்து நாள் ஆனது. மச்சத்தை எழுதினேன். பல் வரிசையில் அந்த ஒரு பல்லைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். இமைமயிர் ஒவ்வொன்றாக. முடிந்த அன்றைக்கு அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்த மாதிரி இருந்தது. எழுந்து வர மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரத்தைப் பிரித்தார்கள். பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்தார்கள். நானும் முதல்முறையாகக் கீழே நின்று பார்த்தேன். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. மேகம் மேகமாகத் தெரிந்தது. ரெக்கை ரெக்கையாகத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு வெள்ளை வட்டம்தான் இருந்தது. இருபத்தைந்து அடி உயரத்தில் என் ஜீரோ நம்பர் பிரஷ் எழுதிய எதுவும் இல்லை. மச்சமும் இல்லை, பல்லும் இல்லை, கண்ணே இல்லை.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "இட்லிக்கு ரெக்கை மொளச்சிருக்குது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் சர்ச்சில் மெதுவாகச் சொல்வதுதான் எல்லாருக்கும் கேட்கும். பூசை முடியும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இட்லி என்றதைவிட எனக்கு வலித்தது அதுதான்.

பங்குச்சாமி நல்ல மனுஷர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மேகம் ரொம்ப அழகாக வந்திருக்கிறது, வானம் மட்டும் போதும் போலிருக்கிறது, சம்மனசுகளின் மேல் நீலத்தை அடித்துவிடுங்கள் என்றார். திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு மாசம் இருந்தது. அதற்குள் முடித்தால் போதும் என்றார். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், ரெண்டு கோட்டு நீலம் அடித்தால் காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. அவருக்குத் தெரியாது, பாவம். அக்காவின் மேல் நீலம் அடி என்றுதான் சொல்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் அதியமான்கோட்டையில் வேலை. பெங்களூர் ரோட்டோரத்தில் ஒரு ஓட்டலுக்கு உள்ளும் புறமும் அடிக்க வேண்டும். நானும் போனேன், ஆனால் அவரோடு பேச்சு இல்லை. ஆட்களை வைத்துச் சொல்லி அனுப்புவது, டப்பாவை டக்கென்று வைப்பது என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலையில் டீ நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நடந்து போனேன். பழைய கல் கோயில் ஒன்று திறந்திருந்தது. நிழலாக இருக்கிறதே என்று உள்ளே போனேன். கழுத்தில் இருந்த சிலுவை டாலரை மட்டும் ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டேன்.

மண்டபத்தில் உட்கார்ந்து தூணில் சாய்ந்தேன். பழக்க தோஷம், கூரை எப்படிப் பூசியிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்தேன். மேலே இருந்து யாரோ என்னைப் பார்த்தார்கள்.

கூரை முழுக்கப் படம். கல்லின் மேல் சுண்ணாம்பு பூசி, காவியும் கறுப்பும் மஞ்சளுமாக, பட்டை பட்டையாகப் பிரித்து வரைந்திருந்தது. தேர், யானை, குதிரை, வில் பிடித்த ஆட்கள், கூட்டம் கூட்டமாகப் பெண்கள். புகை ஏறியிருந்தது, சில இடங்களில் பூச்சு உதிர்ந்து கல் தெரிந்தது. அத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு ஆளின் கண்ணும் தெரிந்தது. எனக்கு வந்தது பக்தியில்லை, பொறாமை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வரைந்த ஆளின் கண் தெரிகிறது, போன மாசம் நான் வரைந்த கண் தெரியவில்லை. இந்த ஆள் என்ன செய்தான்?

மறுநாள் டீ நேரத்துக்குக் காத்திருக்காமல், ஆட்கள் வேலை ஆரம்பித்ததுமே போய்விட்டேன். உட்கார்ந்து பார்த்தால் கழுத்து வலித்தது. சுற்றிலும் ஆள் இல்லை. சாரத்தில் படுத்த பழக்கம் எனக்கு, அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காவல்காரர் ஓடி வந்து, மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். படம் பார்க்கிறேன் என்றேன். என் கழுத்திலிருந்து டாலர் நழுவி வெளியே தரையில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பாருங்க. போட்டோ மட்டும் எடுக்காதீங்க. காலைச் சாமி பக்கம் நீட்டாதீங்க, திரும்பிப் படுங்க" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து, தலை சாமி பக்கமும் கால் வாசல் பக்கமுமாகத் திரும்பிப் படுத்தேன். அப்போதுதான், அதுவரை தலைகீழாகத் தெரிந்த ஒரு பட்டை நேரானது. உள்ளே வருகிறவர்களுக்கு அது தலைகீழ். கும்பிட்டுவிட்டு வெளியே போகிறவர்களுக்காக அந்த ஆள் அதை வரைந்திருக்கிறான். எந்த ஆள் எங்கே நின்று பார்ப்பான் என்று மேலே ஏறுவதற்கு முன்னாலேயே யோசித்திருக்கிறான். இப்படித் தரையில் படுத்து எத்தனை நாள் வெறும் கூரையைப் பார்த்தானோ. நான் ஒரு நாள்கூடக் கீழே நின்று பார்க்கவில்லை. சொரூபத்தை ஒரு முழத்தில் வைத்துப் பார்க்கிற கண்ணோடு நேராகச் சாரத்தில் ஏறிவிட்டேன்.

அந்த ஆளை நான் மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தது அங்கேதான். ஓட்டல் வேலை முடிகிறவரை தினமும் காலையில் போய்ப் படுத்துக்கொள்வேன். காவல்காரர் பழகிவிட்டார், யாராவது கேட்டால் அந்தம்மா பெயின்டருங்க என்று அவரே பதில் சொல்லிவிடுவார். நான் கேள்வி கேட்பேன், மேஸ்திரி பதில் சொல்ல மாட்டார், படத்தில்தான் தேட வேண்டும். கழுத்துக்கு என்னய்யா பண்ணினாய்? சொட்டாமல் இருக்கச் சாயத்தில் என்ன கலந்தாய்? சாரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றது யார்? இதற்கெல்லாம் இன்றுவரை பதில் இல்லை. ஒருநாள், மேஸ்திரி ஆம்பளைதான் என்று யார் சொன்னது என்றுகூடத் தோன்றியது. சாயம் அரைத்துக் கொடுக்கப் பெண்கள் இருந்திருப்பார்கள். அரைத்துக் கொடுத்தவள் ஒருநாள் ஏறாமலா இருந்திருப்பாள்?

சில கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது. கண்ணைக் கிட்டத்தட்டக் காதுவரை இழுத்து விட்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மீன் மாதிரி இருக்கும், கீழே இருந்து பார்த்தால் கண்ணாக இருக்கும். உடம்பைச் சுற்றி என் சுண்டுவிரல் கனத்துக்குக் கறுப்புக் கோடு. முகத்தில் நிழல், மினுக்கு எதுவும் கிடையாது. இதையெல்லாம் கலர் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஆனால் ஒரு பிரச்சனை தீரவில்லை. கண்ணும் மூக்கும் எல்லா ஆட்களுக்கும் ஒரே மாதிரி. ராஜாவுக்கும் அதே கண், தேரோட்டிக்கும் அதே கண். இப்படி வரைந்தால் சம்மனசு தெரியும். அக்கா எப்படித் தெரிவாள்?

அதற்குப் பதில் கடைசி நாளில்தான் கிடைத்தது. வெளியே போகிறவர்களுக்கான அந்தப் பட்டையில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். யாரோ வருவதைப் பார்க்கிற கூட்டம். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே கொண்டை. வரிசையில் ஒருத்தி மட்டும் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாள் முழுக்க நின்று வேலை செய்தவள் அப்படித்தான் நிற்பாள். கதைக்கு அப்படி ஒருத்தி தேவையே இல்லை. இவளை மேஸ்திரிக்குத் தெரியும். சம்சாரமோ, தங்கச்சியோ, சுண்ணாம்பு சலித்துக் கொடுத்தவளோ, தெரிந்தவள்தான். அவள் முகத்தை அவர் வரையவில்லை. அவள் நிற்பதை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா எப்படி நிற்பாள் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஏரியூர் பஸ் எந்தக் காலத்திலும் நேரத்துக்கு வந்ததில்லை. இருபது வருஷம் தினமும் காலையில் அவள் ரோட்டோரத்தில் நின்றாள். வலது தோளில் பை தொங்கும். ஒரு குதிகாலைத் தூக்கி, இடுப்புக்கு மேலே கொஞ்சம் ரோட்டுப் பக்கம் சாய்ந்து, இடது கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு திருப்பத்தையே பார்ப்பாள். நின்று நின்று அது அவள் உடம்பிலேயே தங்கிவிட்டது. மரவள்ளிக் காட்டிலும் அப்படித்தான் நிற்பாள், மழைக்கு முன்னால் துணி எடுக்கப் போனாலும் அப்படித்தான். பஸ் வருதா என்று நாங்கள் கேட்டுக் கேலி செய்வோம்.

பங்குச்சாமியிடம் போய், நீலம் அடிக்கும் முன்னால் ஒரு தடவை சரி செய்து பார்க்கிறேன் என்றேன். அவர் தயங்கினார். ஒரு சம்மனசை மட்டும் சரி செய்யுங்கள், கொடியேற்றத்துக்கு மூன்று நாளைக்கு முன்னால் பார்ப்பேன், சரியில்லை என்றால் நாலையும் மூடிவிட வேண்டும் என்றார். சரி என்றேன்.

இந்தத் தடவை நேராகச் சாரத்தில் ஏறவில்லை. பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா. பின்பக்கத்தை விரித்து, சர்ச் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நாலு மூலைக்கும் கல் வைத்து, கரியால் அக்காவை வரைந்தேன். வரைந்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிக் கீழே பார்ப்பேன். அந்த மாடியும் சர்ச் கூரை உயரம்தான். இறங்குவேன், திருத்துவேன், மறுபடி ஏறுவேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே வேலை. என் வீட்டுக்காரர் ஞாயிறு சாயங்காலம் வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் சண்டை அத்தோடு முடிந்தது.

அந்த இரண்டு நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாடியிலிருந்து பார்க்க, அக்கா அக்காவாகத் தெரிவதற்கு நான் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருந்தது. மச்சத்தை அழித்தேன், முகம் கொஞ்சம் தெளிந்தது. நரையை அழித்தேன். பல்லை அழித்து வாயை மூடினேன். இமைமயிர் போனது. கடைசியில் அந்த முகம் யாருடைய முகமாகவும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. ஐந்து நாள் மூச்சைப் பிடித்து எழுதியதையெல்லாம் என் கையாலேயே துடைக்கிறேனே என்று மைதானத்தில் மண்டி போட்டுக்கொண்டு அழுதேன். கரிக்கையால் கண்ணைத் துடைத்ததில் என் முகமும் கறுத்துப்போனது. ஆனால் மாடியில் ஏறிப் பார்த்தால், கீழே ஒருத்தி குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள்.

மறுபடி சாரம் கட்டி ஏறி, நாலே நாளில் முடித்துவிட்டேன். பழைய முகத்தின் மேல் முதலில் வெள்ளை அடித்தேன். பெரிய பிரஷ், கனமான கோடு, காதுவரை இழுத்த கண். தோள்பையைச் சம்மனசுக்கு மாட்ட முடியாது. அந்தத் தோளில் ரெக்கையைச் சற்றுத் தாழ்த்தி விட்டேன், பாரம் தொங்குகிற மாதிரி. குதிகாலைத் தூக்கி விட்டேன். இடது கை புருவத்துக்கு மேலே.

பங்குச்சாமி வந்து கீழே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "முகம் இப்ப நல்லாத் தெரியுதும்மா. ஆனா சம்மனசு எதுக்குக் கண்ணுக்கு மேல கைய வெச்சிருக்குது?" என்று கேட்டார்.

"மோட்சத்துல வெளிச்சம் ஜாஸ்திங்க சாமி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். மற்ற மூன்றையும் இதே மாதிரி சரி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி பகல் பார்க்காமல் அந்த மூன்றுக்கும் கண்ணை இழுத்து, கோட்டைக் கனமாக்கினேன். கையை மட்டும் கூப்பி விட்டேன். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாரத்தைப் பிரித்தார்கள்.

கொடியேற்றத்தன்று கூட்டம். வெளியூர் போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் நிறையப் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணெல்லாம் லட்சணமாக இருக்கிறது என்றாள் ஒருத்தி. இட்லி என்று சொன்னவளே என் தோளைத் தட்டி, நல்லா வந்திருக்குதுங்க அக்கா என்றாள். எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான் காத்திருந்தது அதற்கில்லை. மேலே நிற்பது என் அக்கா என்று யாரும் சொல்லவில்லை. மாமா பிந்தி வந்து, கதவோரம் நின்றே பூசை பார்த்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

பூசை முடிந்து, கொடிமரத்துக்குக் கொடியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே போனார்கள். மேளச் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. பீடத்துக்கு முன்னால் சிந்தியிருந்த பூவைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி, உன்னிடம் படித்தது இவ்வளவுதானா என்று மனசுக்குள் கேட்டேன். அந்தப் பெண்ணை, முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அவளை அவர் காலத்தில் யாராவது கண்டுபிடித்தார்களா என்பதும் எனக்குத் தெரியாது. யாரும் கேட்காமலேயே அவரும் செத்துப்போயிருக்கலாம். அப்படி நினைத்ததும் ஒரு மாதிரி மனசு ஆறிப்போனது. இருக்கட்டும், நான் வரைந்துவிட்டேன், அவள் அங்கே நிற்கிறாள், அது போதும் என்று எழுந்தேன்.

மாமா வெளியே போயிருக்கவில்லை. கூட்டம் போன பிறகு நடுவில் ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். தலையைப் பின்னால் சாய்த்து வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அசையவில்லை. வெளியே மேளம் நின்று, வேட்டு வெடித்து, மறுபடி மேளம் ஆரம்பிக்கிற வரைக்கும் அப்படியே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, அடுத்த அறையிலிருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார்.

"பஸ்சு வருதான்னு பாக்கறா."

"ஆமாங்க மாமா. இன்னும் வரலைங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் வைத்திருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு எனக்கு இடம் விட்டார். கையில் இருந்த பூவோடு போய் உட்கார்ந்தேன்.